நர்சிங்கா, வேதியியலா? பிளஸ் டூ முடித்த எனக்கு வழி சொல்லுங்கள்

அறந்தாங்கி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அறந்தாங்கிக்கு அருகில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், தமிழ் வழியில், உயிரியல் பிரிவில் படித்து இந்த ஆண்டு பிளஸ் டூ தேர்ச்சி பெற்றிருக்கிறேன். எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு நீட் மதிப்பெண் இல்லை. மறுபடியும் ஓராண்டு காத்திருந்து எழுத எங்கள் வீட்டுச் சூழல் இடம் கொடுக்கவில்லை. இப்போது என் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, துணை மருத்துவப் படிப்புகளுக்கான கவுன்சிலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய பி.எஸ்சி. நர்சிங். மற்றொன்று, புதுக்கோட்டையில் உள்ள அரசு கலைக் கல்லூரியில் கிடைத்துள்ள பி.எஸ்சி. வேதியியல்.

அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறார். தம்பி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நர்சிங் படித்தால் நான்கு ஆண்டுகளில் நிச்சயம் வேலை என்று அப்பா நம்புகிறார். ஆனால் விடுதி, சீருடை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,10,000 ரூபாய் வரை ஆகும் என்று அந்தக் கல்லூரியில் சொன்னார்கள். அரசு கல்லூரியில் அந்தச் சுமை இல்லை, வீட்டிலிருந்தே பேருந்தில் போய் வரலாம். எனக்கு வேதியியல் கற்பித்த ஆசிரியை, என்னை அறிவியல் படிக்கச் சொல்லி வீட்டுக்கே வந்து பேசினார்.

என் மனம் எந்தப் பக்கம் என்று கேட்டால் உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. சென்ற ஆண்டு என் அப்பாயி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 14 நாள்கள் இருந்தபோது நான்தான் உடன் இருந்தேன். இரவு இரண்டு மணிக்கு அவருக்கு மூச்சுத் திணறியபோது, ஒரு செவிலியர் அக்கா வந்து தலையணையை உயர்த்தி, ஆக்சிஜனைச் சரிசெய்து, என்னையும் பதறாமல் உட்கார வைத்தார். அப்படி ஒரு ஆளாக வேண்டும் என்று அன்று தோன்றியது. அதே சமயம், செய்முறை வகுப்பில் பியூரெட்டிலிருந்து ஒரே ஒரு சொட்டு கூடுதலாக விழுந்ததும் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. இந்தத் துறைகளில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள். இடத்தை உறுதி செய்ய இன்னும் ஒன்பது நாள்கள்தான் இருக்கின்றன.

ஐசியூ செவிலியர் எழுதியது:

அன்புத் தங்கைக்கு வணக்கம். நானும் உங்களைப் போலத் தமிழ் வழியில் படித்து, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் சென்றவள். செவிலியராகப் பன்னிரண்டு ஆண்டுகள் பணி செய்து வருகிறேன். உங்கள் அப்பாயிக்குத் தலையணையை உயர்த்திய அந்த அக்காவின் இடத்தில் நின்று சில உண்மைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த இரவில் நீங்கள் பார்த்தது எங்கள் பணியின் ஒரு நிமிடம் மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் அவர் முப்பது நாற்பது நோயாளிகளுக்கு மருந்து கொடுத்திருப்பார், படுக்கைப்புண் வராமல் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பார், மலம் சிறுநீர் சுத்தம் செய்திருப்பார், ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதியிருப்பார். கனிவு இருந்தால் மட்டும் போதாது. மருந்தின் அளவைக் கணக்கிடுவதில் ஒரு புள்ளி இடம் மாறினால் உயிர் போகும் என்ற அச்சத்தோடு, தூக்கம் கண்ணைச் சுழற்றும் அதிகாலை நான்கு மணிக்கும் சரியாகக் கணக்கிட வேண்டும். உங்களுடைய அந்த ஒரு சொட்டுக் கவனம் இங்கே மிகவும் தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நர்சிங் என்றால் அறிவியலை விட்டுவிடுவது என்று எண்ண வேண்டாம். உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் என எல்லாம் பாடத்தில் உண்டு. ஆனால் அவற்றை ஏன் என்று தோண்டிப் பார்க்க அங்கே நேரம் கிடைக்காது. நோயாளிக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே அவற்றைக் கற்பிப்பார்கள்.

முதல் ஆண்டு கடினமாக இருக்கும். எல்லாப் புத்தகங்களும் ஆங்கிலத்தில் இருக்கும். எலும்புகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தவள் நான். ஆறே மாதத்தில் அது பழகிவிட்டது. அதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

வேலை நிச்சயம் என்று உங்கள் அப்பா சொல்வது பெரும்பாலும் சரிதான். படித்து முடித்துத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துவிட்டால், ஏதாவதொரு மருத்துவமனையில் அந்த மாதமே வேலை கிடைக்கும். அது எப்படிப்பட்ட வேலை என்பதுதான் கேள்வி. நான் முதலில் சேர்ந்த ஒரு தனியார் மருத்துவமனையில் மாதம் 8,000 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் விலகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு என் அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொண்டார்கள். வேறு ஊரில் நல்ல வாய்ப்பு வந்தபோது என்னால் போக முடியவில்லை. அந்த வேதனை இன்றும் இருக்கிறது. ஆகவே வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும். அதில் தேர்வானவர்களில் பலர் தொகுப்பூதியத்தில், அதாவது நிரந்தரப் பணிக்குரிய ஊதியம் இல்லாமல் மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையில், பல ஆண்டுகள் இருந்து, பணி நிரந்தரம் கேட்டுப் போராடியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வில் வென்றால் தொடக்கத்திலேயே 44,900 ரூபாய் அடிப்படை ஊதியம் உண்டு, ஆனால் நாடு முழுவதும் உள்ளவர்கள் அதற்குப் போட்டியிடுகிறார்கள். அமெரிக்காவுக்கு என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற செவிலியர் உரிமத் தேர்வு, பிரிட்டனுக்கு ஓ.இ.டி. போன்ற ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி என்று வெளிநாட்டு வழிகளும் உள்ளன. என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். வீடு கட்டி, தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இடத்தை உறுதி செய்வதற்கு முன் அந்தக் கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் தகுதிப் பட்டியலிலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் உண்மையாகவே நோயாளிகள் படுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டடம் பளபளப்பாகவும் வார்டு வெறிச்சோடியும் இருந்தால், நான்கு ஆண்டுகள் படித்தும் ஊசி போடக் கை நடுங்கும்.

வேதியியல் பேராசிரியர் எழுதியது:

அன்பு மாணவிக்கு வணக்கம். அரசு கலைக் கல்லூரிகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேதியியல் கற்பித்து வருகிறேன். செவிலியர் அம்மையார் எழுதியதை மதித்துப் படித்தேன். என் துறையைப் பற்றியும் அதே நேர்மையோடு எழுத வேண்டும்.

பி.எஸ்சி. வேதியியலை மட்டும் முடித்துவிட்டு நிற்பது பாதிக் கிணறு தாண்டியதைப் போன்றது. இதைச் சேர்க்கை நாளில் நாங்கள் யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை, அது எங்கள் தவறு. நர்சிங் பட்டம் ஒரு பணிக்கான உரிமத்தோடு வருகிறது. அறிவியல் பட்டத்தின் பின்னால் அப்படி ஓர் உரிமம் இல்லை. மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியே போகிறவர்களுக்குக் கடலூர், ராணிப்பேட்டை, மணலி போன்ற இடங்களில் உள்ள வேதித் தொழிற்சாலைகளிலும், மருந்து நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களிலும் வேலை கிடைக்கிறது. ஆனால் தொடக்க ஊதியம் குறைவு, பெண்கள் தனியே தங்கி வேலை பார்க்க வீட்டில் சம்மதிப்பதும் எளிதாக இல்லை. எனவே வேதியியலைத் தேர்ந்தெடுத்தால், அதை ஐந்து ஆண்டுப் படிப்பாகவே முதல் நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்படி எண்ணுகிறவர்களுக்கு வழிகள் விரிவானவை. இறுதியாண்டில் இருக்கும்போதே ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வை எழுதலாம். அதில் தேறினால் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இடங்களில் எம்.எஸ்சி. படிக்கலாம். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்குக் கியூட் முதுநிலைத் தேர்வு இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெற்றால், ஆய்வு செய்யும்போதே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன் பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த என் மாணவி ஒருத்தி அந்தப் பணத்தில்தான் தன் தங்கையின் படிப்பை நடத்தினாள். ஆசிரியர் பணி பிடித்தால் பி.எட். படித்து, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுநிலை ஆசிரியர் தேர்வை எழுதலாம். மறுபக்கத்தையும் சொல்கிறேன். முனைவர் பட்டம் வாங்கியும் கௌரவ விரிவுரையாளராகவே பத்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் எங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாததால் காத்திருப்பவர்கள்.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் நோயாளியை விட்டு விலகிப் போனவர்கள் என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றை நினைவூட்டுகிறேன். சென்னை சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. காசநோயாளியை நல்ல காற்றும் நல்ல உணவும் உள்ள சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அந்த மையத்தில், 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்குச் சென்னையின் நெருக்கமான, ஏழ்மையான வீடுகளிலேயும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது என்று 1959இல் வெளியான முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் இருப்பவர் மாத்திரையை உண்மையாகவே விழுங்குகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீடு தேடிப் போய்ப் பேசி, மாத்திரைகளை எண்ணிப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று வேதிச் சோதனை செய்தவர்கள் மறுபக்கம். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். அந்த இரண்டு வேலைகளில் எதை ஒரு மழை நாளில், யாரும் பாராட்டாத நாளில், அலுப்பில்லாமல் செய்வீர்கள்?

அறந்தாங்கி மாணவி எழுதியது:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. இரண்டு பதில்களையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தொகுப்பூதியம் பற்றி அவர் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஐயா கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. எனக்கு இன்னொரு ஐயம் இருக்கிறது. நர்சிங் படித்துவிட்டுப் பிறகு ஆராய்ச்சிப் பக்கம் போக முடியுமா? வேதியியல் படித்துவிட்டுப் பிறகு மருத்துவமனைப் பக்கம் வர முடியுமா? தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் திரும்ப வழி இருக்கிறதா என்று தெரிந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

கதிர்வீச்சுப் பிரிவு ஊழியர் எழுதியது:

வணக்கம். இந்த ஐயத்துக்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுப் புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராக வேலை செய்பவன். பட்டப்படிப்பு முடிக்கும் வரை அப்படி ஒரு பணி இருப்பதே எனக்குத் தெரியாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருப்பதை ஒரு பேராசிரியர் சொல்லித்தான் அறிந்தேன். அதை முடித்து, ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை மையத்தில் ஓராண்டு பயிற்சி பெற்ற பிறகே இந்தப் பணிக்கு வர முடிந்தது. கட்டிக்கு எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர்வீச்சு போக வேண்டும், பக்கத்தில் இருக்கும் நல்ல உறுப்புக்கு எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கிடுவதும், காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் கருவி சரியான அளவைத்தான் வெளியிடுகிறதா என்று அளந்து பார்ப்பதும் என் வேலை.

அறிவியலிலிருந்து மருத்துவமனைக்கு வழி உண்டு, ஆனால் அது சுற்றுவழி, எல்லாப் பாடத்துக்கும் ஒரே கதவு அல்ல. நான் வந்த கதவு இயற்பியல் படித்தவர்களுக்கானது. வேதியியல் படித்தால், பல பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. உயிர்வேதியியலில் சேரலாம், அதன் வழியே ஆய்வகப் பக்கம் வரலாம். மருந்துகளின் பகுப்பாய்வு, மருந்துக் கண்டுபிடிப்பு ஆகியவை வேதியியலாளர்களின் சொந்த இடங்கள். ஆனால் வேதியியல் பட்டத்தோடு செவிலியராக வர முடியாது. அதற்கு நர்சிங்கை முதலிலிருந்தே படிக்க வேண்டும்.

மறுபுறம், நர்சிங் முடித்தவர் எம்.எஸ்சி. வேதியியலில் சேர முடியாது. அவருக்குரிய ஆராய்ச்சி வழி வேறு. ஓராண்டு பணி அனுபவத்துக்குப் பிறகு எம்.எஸ்சி. நர்சிங், அதன் பிறகு முனைவர் பட்டம் என்று போகலாம். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு வழங்கும் பல நிறுவனங்கள் நர்சிங் பட்டதாரிகளை ஏற்கின்றன. மருத்துவமனைகளில் நடக்கும் மருந்துப் பரிசோதனை ஆய்வுகளில் செவிலியர்களுக்குத் தனி இடம் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் இரண்டு பட்டங்களும் செல்லும்.

என் அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எங்கள் பிரிவில் கருவியை இயக்கும் தொழில்நுட்பர், கதிர்வீச்சுச் சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றவர். அதாவது துணை மருத்துவப் படிப்பு படித்தவர். நானும் அவரும் ஒரே நோயாளிக்காகத்தான் நாள் முழுவதும் உழைக்கிறோம். ஆனால் அந்த நோயாளியின் பெயர், ஊர், மகளின் திருமணம் எப்போது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு அந்த நோயாளியின் ஸ்கேன் படம்தான் நெருக்கமாகத் தெரியும். சில நோயாளிகள் சிகிச்சை முடிந்து போகும்போது அந்தத் தொழில்நுட்பரிடம் கண்ணீரோடு விடைபெறுவார்கள். நான் கண்ணாடிக்கு அப்பால் நின்றுகொண்டிருப்பேன். எனக்கு இதில் குறை இல்லை, என் இயல்பு அப்படி. உங்களுக்கு அந்தக் கண்ணாடி உறுத்துமா என்று யோசித்துப் பாருங்கள்.

நர்சிங் மாணவியின் தந்தை எழுதியது:

வணக்கம் மகளே. என் மகள் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், நானும் விவசாயிதான். பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கல்லூரியில் சொல்லும் முதல் தொகையோடு நின்றுவிடாது. பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், புத்தகம், மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் செலவு, வெளியூர்ப் பயிற்சிக்குத் தனிச் செலவு என்று வந்துகொண்டே இருக்கும். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் என்னென்ன வாங்குகிறார்கள் என்பதும் அதில் தெரிய வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்கு வங்கியில் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த விண்ணப்ப எண்ணோடு வங்கிக்குப் போங்கள். வட்டி மானியம் உங்கள் கல்லூரிக்குப் பொருந்துமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அது இரண்டு படிப்புக்கும் உண்டு. என் மகளுக்குப் பேருந்துச் செலவும் கைச்செலவும் அதிலேதான் நடக்கிறது.

ஐசியூ செவிலியர் எழுதியது:

தங்கைக்கு இன்னும் ஒரு வார்த்தை. ஒன்பது நாள்கள் என்பது குறைவான காலம் அல்ல. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய், அங்குள்ள செவிலியரிடம் அனுமதி கேட்டு, காலை எட்டு மணி முதல் மதியம் வரை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அந்த வாடையோடு உங்களால் நிற்க முடிகிறதா, கோபமாகப் பேசும் உறவினரிடம் பொறுமையாகப் பதில் சொல்ல மனம் வருகிறதா என்று கவனியுங்கள். மயக்கம் வந்தால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், முதல் நாள் நானும் மயங்கி விழுந்தவள்தான். பேராசிரியர் ஐயாவின் கல்லூரியைப் போன்ற ஒன்றில் வேதியியல் ஆய்வுக்கூடத்தையும் அதேபோல் அரை நாள் பாருங்கள்.

அறந்தாங்கி மாணவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை அப்பாவும் நானும் அந்த நர்சிங் கல்லூரிக்குப் போய் மருத்துவமனை வார்டுகளைப் பார்க்கிறோம். கட்டண விவரத்தை எழுதிக் கேட்கவும் அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். திங்கட்கிழமை காலை சுகாதார நிலையத்துக்கு வரலாம் என்று அங்குள்ள செவிலியர் அக்கா சொல்லியிருக்கிறார். புதன்கிழமை கலைக் கல்லூரியின் வேதியியல் துறைக்கு என் ஆசிரியை அழைத்துப் போகிறார். கதிர்வீச்சுப் பிரிவு அண்ணா சொன்ன கண்ணாடியைப் பற்றி இரவு வெகு நேரம் யோசித்தேன். அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த அந்த 14 நாள்களில், மருந்துப் புட்டிகளில் எழுதியிருந்த பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று இடங்களையும் பார்த்துவிட்டு, என் முடிவை இங்கேயே எழுதுகிறேன்.